இல்லமும் கல்வியும்: கிணற்றில் போட்ட கல்



அனுப்பிய விண்ணப்பத்திற்கு மறுமொழி வராவிடில், ‘கிணற்றில் போட்ட கல்லாயிற்று’ என்று சொல்லி ஆறுதல் அடைவது நம் வழக்கம். சென்ற மாதம் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து ஓர் அன்னையார் எழுதிய கடிதத்தில் இச்சொற்றொடரைக் கண்டேன். அவர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்றவர். மணமாகித் தலைநகருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் இவ்வாண்டு பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். இயற்பியல் பாடத்தில், தானே கீழே விழும் பொருள்களைப் பற்றிய கணக்குகள் தொடங்கிய நாள்முதல் அவள் முகம் வாடிவிட்டது. போட்ட கணக்கெல்லாம் தவறு. கேட்ட ஐயமெல்லாம் வகுப்பில் கிணற்றில் போட்ட கல். ‘இம்மாத இறுதிக்குள் வணிகப் பிரிவிற்கு மாறிவிடுகிறேன், அம்மா’ என்கிறாளாம். ‘வணிகம் தாழ்ந்ததென்று நான் எண்ணவில்லை. விரும்பிச் சென்றால் மகிழ்வேன். அஞ்சி ஓடினால் வருந்துவேன். ஆங்கிலத்தில் இருக்கும் இக்கணக்கிற்குத் தமிழில் படித்த நான் என்ன உதவி செய்ய இயலும்?’ என்று அந்த அன்னையார் கேட்டிருந்தார்.

இது ஒரு வீட்டின் கேள்வியன்று. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்கள் பலவற்றிலும், பிள்ளைகளின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘நமக்கு எட்டாது’ என்று மூடி வைக்கும் பெற்றோர் உண்டு. ஆகவே இம்மாதம் இப்பகுதியை அந்தப் பெண்ணின் கணக்கிற்கே ஒதுக்கியிருக்கிறேன். தாய்மார்களும் தந்தைமார்களும் அருகில் ஒரு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு படிக்கும்படி வேண்டுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. கிணற்றில் போட்ட கல் விடை சொல்லாமற் போவதில்லை. ‘தொப்’ என்று அது எழுப்பும் ஓசை மேலே வந்து சேர்கிறது. அதற்குள் கழிந்த காலத்தைக் கொண்டு கிணற்றின் ஆழத்தையே கண்டுவிடலாம். எவ்வாறு என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

எல்லாப் பொருளும் ஒன்றுபோல் விழுகின்றன

கனமான பொருள் விரைந்து விழும், இலேசான பொருள் மெல்ல விழும் என்பதே இயல்பாக எவர்க்கும் தோன்றும் எண்ணம். கிரேக்கப் பேரறிஞராகிய அரிஸ்டாட்டிலும் அவ்வாறே கருதினார். இக்கருத்தைத் தகர்த்தவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ (1564–1642). அவர் எடுத்துக் காட்டிய வாதம் ஒன்று மிகவும் சுவையானது. பெரிய கல் விரைவாகவும் சிறிய கல் மெதுவாகவும் விழுவதாகவே வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரு கயிற்றால் பிணைத்து விட்டால் என்ன ஆகும்? சிறிய கல் பெரிய கல்லைப் பின்னுக்கு இழுக்கும். ஆகையால் வேகம் குறைய வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் மொத்த எடை கூடுகிறதன்றோ? ஆகையால் வேகம் மிகவும் வேண்டும். ஒரே நிகழ்ச்சி விரைவாகவும் மெதுவாகவும் நடத்தல் இயலாது. எனவே தொடக்க எண்ணமே பிழை. காற்றின் தடை இல்லையெனில் எல்லாப் பொருளும் ஒன்றுபோல்தான் விழுதல் வேண்டும்.

பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தினின்று அவர் குண்டுகளைப் போட்டுக் காட்டினார் என்னும் கதையைப் பலரும் அறிவர். அக்கதையை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் விவியானி; அது உண்மையில் நடந்ததா என்பதில் வரலாற்று ஆசிரியர்க்கு ஐயம் உண்டு. ஐயத்திற்கு இடமில்லாதது அவர் செய்த மற்றொரு சோதனை. சாய்வான பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, வெண்கலக் குண்டை அதில் உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தை அளந்தார். நேராக விழும் பொருளின் விரைவை அக்காலத்துக் கருவிகளால் அளக்க முடியாது. சாய்வில் உருட்டினால் அதே இயக்கம் நிதானமாக நடக்கும். அதன் முடிவுகளை 1638ஆம் ஆண்டில் வெளியான தம் ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூலில் உலகிற்கு அளித்தார்.

வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பாருங்கள். ஒரு கனமான புத்தகத்தையும் ஒரு தாளையும் தனித்தனியே விட்டால் தாள் தத்தளித்து விழும். அத்தாளைப் புத்தகத்தைவிடச் சிறியதாக வெட்டி, புத்தகத்தின் மேலே படியவைத்து விட்டால் இரண்டும் ஒன்றாக இறங்கும். தாளைத் தடுத்தது அதன் எடைக்குறைவு அன்று, காற்றே என்பது விளங்கும். 1971 ஆகஸ்டு 2ஆம் நாள், அப்பல்லோ 15 பயணத்தில் நிலவில் நின்ற டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் பருந்தினத்துப் பறவையொன்றின் இறகும் பிடித்து ஒருங்கே விட்டார். காற்றில்லாத அவ்விடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

ஆகவே நம் பாடப்புத்தகக் கணக்குகளில் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதியிருப்பது வீண் சொல்லன்று. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் மழைத்துளிக்குக் காற்றின் தடையே இல்லையென்றால் அது மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நம் தலையைத் தாக்கும்! காற்று தடுப்பதால்தான் பெரிய துளியும் விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து நம்மை நனைப்பதோடு நிற்கிறது. கல், பந்து, பூந்தொட்டி போன்றவை சில மாடி உயரத்திலிருந்து விழும்போது காற்றின் தடை மிகச் சிறிது, அதை விட்டுவிடலாம்.

விநாடிக்கு விநாடி வளரும் வேகம்

தடையின்றி விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 9.8 மீட்டர் கூடிக்கொண்டே செல்கிறது. இதனையே புவியீர்ப்பு முடுக்கம் என்கிறோம். பாடப்புத்தகத்தில் ‘ஜி’ என்னும் எழுத்தால் குறிப்பார்கள். இது எல்லா ஊர்க்கும் முற்றிலும் ஒன்றன்று. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டில் 9.78 ஆகவும் துருவங்களில் 9.83 ஆகவும் இருக்கிறது. சென்னையில் ஏறத்தாழ 9.78; டில்லியில் ஏறத்தாழ 9.79. சென்னையில் வில் தராசில் 60 கிலோ காட்டும் அன்பர் ஒருவர், அதே தராசுடன் டில்லிக்கு வந்தால் ஏறத்தாழ 50 கிராம் கூடுதலாகக் காட்டுவார். ஊரை விட்டு வந்ததில் நமக்கு இப்படியும் ஓர் ஆதாயம்!

கணக்கின் எளிமைக்காக 10 என்றே கொள்வோம். கையிலிருந்து நழுவிய கல் ஒரு விநாடி முடிவில் விநாடிக்கு 10 மீட்டர் வேகமும், இரண்டாம் விநாடி முடிவில் 20, மூன்றாம் விநாடி முடிவில் 30 என்றவாறும் வேகம் பெறும். முதல் விநாடியில் தொடக்க வேகம் சுழி, முடிவு வேகம் 10, சராசரி 5. எனவே அது கடந்த தூரம் 5 மீட்டர். இரண்டாம் விநாடியில் சராசரி 15, மூன்றாவதில் 25, நான்காவதில் 35. இத்தூரங்கள் 5, 15, 25, 35. அதாவது 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களின் விகிதம். கலிலியோ சாய்வுப் பலகையில் கண்டதும் இவ்விகிதமே. கூட்டிப் பார்த்தால் மொத்தத் தூரம் ஒரு விநாடிக்கு 5, இரண்டிற்கு 20, மூன்றிற்கு 45, நான்கிற்கு 80 மீட்டர். காலம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு ஆகிறது.

இந்த ஒரு பத்தியை நன்கு உணர்ந்துகொண்ட பிள்ளைக்குப் புத்தகத்தின் மூன்று சூத்திரங்களும் மனப்பாடச் சுமையாகத் தோன்றா. அவை வருமாறு:

1. இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம்.

2. இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + பாதி முடுக்கம் × காலத்தின் வர்க்கம்.

3. இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி.

எந்தக் கணக்கிற்கு எதை எடுப்பது? முதற் சூத்திரத்தில் இடப்பெயர்ச்சி இல்லை. இரண்டாவதில் இறுதித் திசைவேகம் இல்லை. மூன்றாவதில் காலம் இல்லை. கணக்கில் கொடுக்கப்படாததும் கேட்கப்படாததுமாகிய பொருள் எதுவோ, அது இல்லாத சூத்திரத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

அந்தப் பெண்ணின் கணக்கு

கடிதம் கண்ட மறு ஞாயிற்றுக்கிழமை அன்னையையும் மகளையும் வீட்டிற்கு வரவழைத்தேன். அவளை அழவைத்த கணக்கு இது: ‘25 மீட்டர் உயரமுள்ள மாடியிலிருந்து ஒரு பந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறியப்படுகிறது. அது மாடியை ஒட்டிக் கீழே வந்து தரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்?’

அவள் செய்தது இவ்வாறு இருந்தது. காலத்தை நாம் ‘கா’ என்று குறித்துக்கொள்வோம். மேலே எறிகிறோம், ஆகவே தொடக்கத் திசைவேகம் 20. ஈர்ப்பு கீழே இழுக்கிறது. ஆகவே முடுக்கம் −10. உயரம் 25. இரண்டாவது சூத்திரத்தில் இட்டாள்:

25 = 20 கா − 5 கா²

இதை 5ஆல் வகுத்து ஒழுங்கு செய்தால், கா² − 4 கா + 5 = 0. இருபடிச் சமன்பாட்டின் வழிப்படி வர்க்கமூலக் குறிக்குள் 16 − 20, அதாவது −4 வந்து நின்றது. எதிர் எண்ணிற்கு மெய்யான வர்க்கமூலம் ஏது? நான்கு முறை போட்டிருக்கிறாள். நான்கு முறையும் அதே −4. நான்காம் தாளில் கண்ணீர்க் கறை இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்னையாரிடம், “அம்மா, இந்தக் கணக்கைத் தமிழில் கதைபோல் எனக்குச் சொல்லுங்கள்” என்றேன். அவர் சிறிது தயங்கினார். பிறகு, “ஒருத்தி மாடியில் நிற்கிறாள். பந்தை மேலே எறிகிறாள். அது உயரப் போய், திரும்பி வந்து, அவளையும் கடந்து, கீழே தரையில் போய் விழுகிறது” என்றார். சற்று நிறுத்தி, “ஐயா, பந்து முடிவில் சேர்வது அவளுக்குக் கீழேதானே? 25 என்று மேலே போனதுபோல் எழுதியிருக்கிறாளே?” என்று கேட்டார்.

மகள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பின் நான் சொல்ல வேண்டியது மிகுதியாக இருக்கவில்லை.

இடப்பெயர்ச்சி என்பது நடந்த தூரம் அன்று. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடம் எங்கே இருக்கிறது என்பதே. மேல் நோக்கியதை நேர்க்குறி என்று நாமே தீர்மானித்தபின், 25 மீட்டர் கீழே இருக்கும் தரை −25 ஆகும். இப்பொழுது:

−25 = 20 கா − 5 கா²

கா² − 4 கா − 5 = 0. காரணிப்படுத்தினால் (கா − 5)(கா + 1) = 0. ஆகவே கா = 5 அல்லது −1. விடை 5 விநாடி.

வேறு வழியில் சரிபார்ப்போம். 20 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்தின் வேகம் விநாடிக்குப் பத்தாகக் குறைந்து, 2 விநாடியில் சுழியாகும். அதற்குள் சராசரி 10 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஏறியிருக்கும். அந்த உச்சியிலிருந்து தரை 45 மீட்டர். 45 மீட்டர் விழ 3 விநாடி என்று முன்பே கண்டோம். 2ம் 3ம் 5. தரையைத் தொடும்போது வேகம் 3 விநாடிக்கு 30 மீட்டர். மூன்றாம் சூத்திரமும் அதையே சொல்லும்: 400 + 2 × (−10) × (−25) = 900; அதன் வர்க்கமூலம் 30; பந்து கீழ்நோக்கிச் செல்வதால் −30. மூன்று சாட்சிகளும் ஒரே சொல் சொன்னால் வழக்கில் ஐயம் ஏது?

ஆனால் நான் அந்தப் பெண்ணிற்கு வற்புறுத்திக் கூறியது இதுவன்று. அவள் பெற்ற −4ஐப் பற்றியே கூறினேன். அவள் எழுதிய சமன்பாடு பொய் சொல்லவில்லை. ‘பந்து எறிந்த இடத்திற்கு 25 மீட்டர் மேலே எப்போது இருக்கும்?’ என்பதே அச்சமன்பாட்டின் கேள்வி. பந்தோ 20 மீட்டர்தான் ஏறவல்லது. ஆகவே ‘ஒருபோதும் இல்லை’ என்று கணிதம் மறுமொழி தந்தது. வர்க்கமூலத்திற்குள் நின்ற எதிர் எண்ணின் பொருள் அதுவே. அவள் கேட்டது ஒரு கேள்வி. கேட்க நினைத்தது வேறொன்று. தவறு அறிவில் இல்லை. நின்ற இடத்தை மறந்ததில் இருந்தது.

அப்படியானால் −1 என்னும் மற்ற விடை? அதையும் குப்பையில் எறிய வேண்டாம். பந்து மாடியில் எறியப்படாமல், ஒரு விநாடிக்கு முன்பே தரையிலிருந்து 30 மீட்டர் வேகத்தில் எறியப்பட்டிருந்தால், ஒரு விநாடியில் 25 மீட்டர் ஏறி, மாடியைக் கடக்கும்போது சரியாக 20 மீட்டர் வேகத்தோடு இருந்திருக்கும். நம் கதையில் பந்து மாடியில் தொடங்குகிறது. ஆகவே அவ்விடையை ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்று தெரிந்து விலக்குவதே அழகு.

கணக்கிற்கு முன் செய்ய வேண்டுவன

பெற்றோர்கள் பிள்ளைகளை இவ்வைந்து படிகளில் பழக்கலாம். இதற்குச் சூத்திர அறிவு தேவையில்லை. கேட்பதற்குப் பொறுமை போதும்.

ஒன்று: கணக்கைத் தாய்மொழியில் ஒருமுறை கதையாகச் சொல்லச் செய்யுங்கள். சொல்ல முடியாத இடமே புரியாத இடம்.

இரண்டு: படம் வரையச் செய்யுங்கள். மாடி, தரை, பந்து, அம்புக்குறி, அவ்வளவே.

மூன்று: ‘எது மேல், எது கீழ்? எதற்கு நேர்க்குறி?’ என்று கேளுங்கள். மேலை நேர் என்றாலும் கீழை நேர் என்றாலும் விடை ஒன்றே. தொடங்கியபின் நடுவில் மாற்றலாகாது, அதுதான் விதி.

நான்கு: தெரிந்தவை, தெரியாதவை, கேட்கப்பட்டது என்று மூன்று வரிசை எழுதச் செய்யுங்கள். ‘கையிலிருந்து விடப்பட்டது’ என்றால் தொடக்க வேகம் சுழி என்பது பொருள். ‘உச்சியை அடைந்தது’ என்றால் அக்கணத்து வேகம் சுழி என்பது பொருள். சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்கள் இவை.

ஐந்து: விடை வந்தபின், ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேளுங்கள். இரண்டாம் மாடியிலிருந்து விழுந்த பந்திற்கு 40 விநாடி என்று வந்தால், எங்கோ பிழை என்பதைச் சமையலறையிலிருந்தே சொல்லிவிடலாம்.

இன்னும் இரண்டு இடங்களில் பிள்ளைகள் வழக்கமாக இடறுவார்கள். ‘தரையை அடையும்போது வேகம் என்ன?’ என்றால், விழுந்தபின் பந்து நின்றுவிடுகிறதே என்று சுழி எழுதிவிடுவார்கள். வினா கேட்பது தரையைத் தொடும் அக்கணத்து வேகத்தை. தரை அதை நிறுத்திய பின்னர் உள்ள நிலையை அன்று. மற்றொன்று, உச்சியில் வேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எழுதுவது. உச்சியிலும் பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. முடுக்கம் அங்கும் கீழ்நோக்கி 9.8 தான். வேகமும் இல்லை, முடுக்கமும் இல்லை என்றால் பந்து மேலும் போகாது, கீழும் வாராது. திரிசங்குவைப்போல் வானத்திலேயே தொங்க வேண்டியதுதான். நம் பாட்டி சொன்ன கதை, தேர்வுத் தாளில் மதிப்பெண் காக்கும் இடம் இது!

கிணறும் அளவுகோலும்

இனிக் கிணற்றிற்கு வருவோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகள், குடிநீர்க் கிணற்றை விடுத்து, பயனில்லாப் பாழுங்கிணறு ஏதேனும் இருப்பின், பெரியவர் துணையுடன் சுவருக்கு வெளியே நின்று ஒரு சிறு கல்லை இட்டுப் பார்க்கலாம். விட்ட நொடிமுதல் ஓசை கேட்கும்வரை 2 விநாடி ஆனால், நீர்மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் செல்வதால், 20 மீட்டர் மேலே வர 0.06 விநாடிதான் எடுக்கும். அதையும் கழித்து, 9.8 என்னும் சரியான எண்ணையும் இட்டுப் பார்த்தால் ஆழம் 18 மீட்டரை ஒட்டி வரும். கையால் காலம் அளப்பதில் நேரும் பிழையும் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும் என்பதையும் பிள்ளைகள் உணரட்டும்.

ஊருக்குப் போக இயலாதவர் வீட்டிலேயே 30 சென்டிமீட்டர் அளவுகோலைக் கொண்டு விளையாடலாம். ஒருவர் அளவுகோலை நேராகத் தொங்கப் பிடிக்க, மற்றவர் அதன் சுழிக் குறிக்கு நேரே விரல்களைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் அதை விட்டவுடன் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால், கண் கண்டு, மூளை கட்டளையிட்டு, விரல் மூட 0.2 விநாடி ஆயிற்று என்று பொருள். 15 சென்டிமீட்டர் என்றால் 0.17 விநாடி, 10 என்றால் 0.14. தாத்தாவிற்கும் பேரனுக்கும் போட்டி வைத்துப் பாருங்கள். தோற்பவர் யாராயினும் கணக்குப் பயின்றவர் ஆவார்.

மாடி வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள்

இக்கணக்குகள் தேர்விற்கு மட்டும் உரியவை அல்ல. பெருநகரங்களில் நம்மிற் பலர் அடுக்குமாடிகளில் வாழ்கிறோம். துளசிச் செடியும் கறிவேப்பிலைக் கன்றும் இன்றி நம் வீடு நிறைவதில்லை. இடம் இல்லாமையால் தொட்டிகளைப் பால்கனியின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிடுகிறோம். ஏழாம் மாடியளவு உயரம், அதாவது சுமார் 20 மீட்டரிலிருந்து, ஒரு தொட்டி காற்றில் சாய்ந்து விழுவதாகக் கொள்ளுங்கள். 2 விநாடியில் அது தரையை அடையும். அப்போது அதன் வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் விரையும் வண்டியின் வேகம் அது. மேலே நிற்பவர் திகைத்து, ‘ஐயோ’ என்று கூவி, கீழே நிற்பவர் கேட்டு, இன்னதென்று உணர்ந்து விலகுவதற்கு அந்த இரண்டு விநாடி போதுமா? அளவுகோல் விளையாட்டில், முன்கூட்டியே காத்திருந்த விரலுக்கே 0.2 விநாடி தேவைப்பட்டது. ஒன்றும் அறியாமல் நடந்து செல்பவர்க்கு எத்துணை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

தொட்டிகளைச் சுவருக்கு உட்புறம் தரையில் வையுங்கள். அல்லது கம்பிச் சட்டத்தில் இறுகப் பிணையுங்கள். கைப்பிடிச் சுவரின்மேல் கைபேசியை வைத்துப் பேசும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். கீழே விளையாடுவது நம் குழந்தையாகவும் இருக்கலாம். பிறர் குழந்தையாகவும் இருக்கலாம். பூமி இருவரிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை.

முடிவாக

அந்த அன்னையும் மகளும் மாலை வரை இருந்தார்கள். மகள் மேலும் ஏழு கணக்குகள் போட்டாள். ஐந்து சரி, இரண்டு தவறு. தவறிய இரண்டிலும் பிழை எங்கே என்பதை அவளே கண்டுபிடித்தாள். அறிவியலில் நிலைப்பாளா, வணிகத்திற்கு மாறுவாளா என்பதை நான் கேட்கவில்லை. அது அவள் முடிவு. விடைபெறும்போது அன்னையார், “எனக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை நாள் விலகி நின்றேனே” என்றார். அவர்க்குச் சூத்திரம் தெரியாதிருக்கலாம். ஆனால் மேல் எது, கீழ் எது, பந்து எங்கே சேர்கிறது என்பது தெரிந்திருந்தது. நான்கு தாள் நிறைய எழுதிய மகளுக்குக் கிட்டாதது அது ஒன்றே.

அறிவியலுக்கு மொழி தடையன்று. வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டதை வீட்டில் தமிழில் சொல்லிப் பார்க்கும் பிள்ளை ஒரு பாடத்தை இருமுறை கற்கிறது. ஆதலின், ‘எனக்கு எட்டாது’ என்று எந்தத் தாயும் எந்தத் தந்தையும் புத்தகத்தை மூட வேண்டாம். அருகில் அமர்ந்து, ‘கதையாகச் சொல், கேட்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

வழக்கம்போல் இல்லந்தோறும் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள். எல்லாவற்றிற்கும் முடுக்கம் 10 என்றே கொள்க. காற்றின் தடையைப் புறக்கணிக்க.

அ. டில்லிக் குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர். அதன் உச்சியளவு உயரத்திலிருந்து விடப்பட்ட கல் தரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? (விடை: ஏறத்தாழ 3.8 விநாடி.)

ஆ. நேர் மேலே எறிந்த பந்து 6 விநாடியில் எறிந்தவர் கைக்கே திரும்புகிறது. எறிந்த வேகம் என்ன? எவ்வளவு உயரம் சென்றது? (விடை: விநாடிக்கு 30 மீட்டர், 45 மீட்டர்.)

இ. மேற்கண்ட 25 மீட்டர் மாடியிலிருந்து அதே 20 மீட்டர் வேகத்தில் பந்தை மேலே எறியாமல் நேர் கீழே எறிந்தால், தரையை அடைய எவ்வளவு நேரம்? அப்போது அதன் வேகம் என்ன? (விடை: 1 விநாடி, 30 மீட்டர்.) மேலே எறிந்தபோதும் கீழே எறிந்தபோதும் இறுதி வேகம் ஒன்றாகவே இருப்பது ஏன்? இதற்கு மட்டும் விடை தரவில்லை. பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களில், தமிழிலேயே எழுதி அனுப்பட்டும். நல்ல விளக்கங்களை அடுத்த இதழில் கண்டு மகிழ்வோம்.

நீங்கள் அனுப்பும் கடிதம் எதுவும் இங்கே கிணற்றில் போட்ட கல்லாகாது என உறுதி கூறி விடைபெறுகிறேன்.